கொரோனாவுக்குப் பிறகு இன்சூரன்ஸ்: பிரீமியம் ஏறியது ஏன், தொடர்வதா விடுவதா?

திருவாரூர் செந்தில்

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 68 வயது, அம்மாவுக்கு 63. 2019-இல் இருவருக்கும் சேர்த்து 5 லட்ச ரூபாய்க்கு ஃபேமிலி ஃப்ளோட்டர் பாலிசி எடுத்தோம். இந்த வருஷம் புதுப்பிக்கச் சொல்லி வந்திருக்கும் தொகை, முதல் வருஷம் கட்டியதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். இதுவரை ஒரு ரூபாய்கூட கிளெய்ம் வாங்கியதில்லை. கேட்டால் "கொரோனாவுக்கு அப்புறம் எல்லா கம்பெனியிலும் ஏறிடுச்சு சார்" என்கிறார்கள்.

கொரோனா ஓய்ந்து இத்தனை வருஷம் ஆனபிறகும் அதையே சொல்வது நியாயமா? எங்கள் தெருவில் சிலர் கட்ட முடியாமல் விட்டுவிட்டார்கள். அந்தப் பணத்தை ஆர்.டி.யில் போடு என்று சித்தப்பா சொல்கிறார். எனக்கு மனசு வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மன்னை முகவர்

தம்பி, விடாதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம்.

பிரீமியம் ஏறியதில் கொரோனாவுக்குப் பங்கு உண்டு, ஆனால் அது மட்டுமே காரணமில்லை. பாலிசி எடுத்தவர்களில் சிலர்தான் ஒரே சமயத்தில் ஆஸ்பத்திரியில் படுப்பார்கள் என்று நினைத்துத்தான் எந்தக் கம்பெனியும் கணக்குப் போடும். 2020, 2021 இரண்டு வருஷமும் அந்தக் கணக்கு நிற்கவில்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் 2020-21-இல் 800 கோடி ரூபாய்க்கு மேலும், அடுத்த வருஷம் ஆயிரம் கோடிக்கு மேலும் நஷ்டம் காட்டியது. ஆயுள் காப்பீட்டிலும் இதே கதைதான். இங்குள்ள கம்பெனிகளின் ரிஸ்க்கில் ஒரு பகுதியை ஏற்கும் வெளிநாட்டு மறுகாப்பீட்டு நிறுவனங்கள் தங்கள் விலையை ஏற்றின, இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் டேர்ம் பாலிசியை எடுக்க வந்தவர் தலையில் அது விடிந்தது.

இன்னொரு பக்கம், பயத்தில் பாலிசி எடுக்க வந்த கூட்டம். 2021-22-இல் மருத்துவக் காப்பீடு மோட்டார் இன்சூரன்ஸைத் தாண்டி பொதுக் காப்பீட்டில் முதலிடத்துக்கு வந்தது. நாட்டின் மொத்த உற்பத்தியோடு வைத்துப் பார்த்தால் இன்சூரன்ஸ் பிரீமியம் 2019-20-இல் 3.76 சதவீதம், 2020-21-இல் 4.2 சதவீதம். 2023-24-இல் மறுபடி 3.7-க்கு இறங்கிவிட்டது. பயம் தணிந்ததும் விட்டவர்கள் நிறைய. நம் பக்கத்திலேயே பார்க்கிறேன், சம்பா அறுவடைப் பணம் வந்ததும் மாசியில் கட்டிக்கொண்டிருந்தவர்கள் இப்போது போனை எடுப்பதில்லை.

உங்கள் நோட்டீஸில் இரண்டைப் பாருங்கள். ஒன்று, தனிநபர், குடும்ப மருத்துவ பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. வரி போட்டு வந்திருந்தால் கேளுங்கள். இரண்டு, 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரே வருஷத்தில் 10 சதவீதத்துக்கு மேல் பிரீமியத்தை ஏற்ற வேண்டுமானால் இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யைக் கலந்துகொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்திருக்கிறது. இந்த ஒரு வருஷ ஏற்றம் எவ்வளவு என்று தனியாகக் கணக்குப் பாருங்கள்.

வலங்கைமான் குமார்

முகவர் ஐயா கம்பெனி நஷ்டத்தைச் சொன்னார். எங்கள் நஷ்டத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

2021 மே மாதம் என் மாமாவுக்கு மூச்சுத்திணறல். ஆர்.டி.பி.சி.ஆர். இரண்டு முறை எடுத்தும் நெகட்டிவ். சி.டி. ஸ்கேனில் நுரையீரல் முழுக்க கொரோனா பாதிப்பு. டாக்டர் கொரோனா வைத்தியம்தான் பார்த்தார், அந்த மருந்துதான் போட்டார். அவர் எடுத்திருந்தது கொரோனாவுக்கென்றே தனியாக விற்ற பாலிசி. "டெஸ்டில் பாசிட்டிவ் இல்லை" என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். அத்தை தாலிக்கொடியை அடகு வைத்துத்தான் பில்லைக் கட்டினார்.

நம்பிக்கை அன்றைக்கே போய்விட்டது. விலை ஏறியதைவிட எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

கும்பகோணம் மீனா

நான் ஒரு தனியார் மருத்துவமனையில் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் வேலை பார்த்தேன், இரண்டாம் அலையிலும் அங்கேதான் இருந்தேன். குமார் அண்ணன் சொல்வது போன்ற ஃபைல்கள் என் மேஜை வழியாகவே போயிருக்கின்றன.

2020 ஜூலையில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சொல்லி இரண்டு பாலிசிகள் வந்தன. கொரோனா கவச், ஆஸ்பத்திரி பில்லைக் கொடுக்கும், 50 ஆயிரத்திலிருந்து 5 லட்சம் வரை. கொரோனா ரக்ஷக், பில் எவ்வளவு என்று பார்க்காது. பாசிட்டிவ் வந்து தொடர்ந்து 72 மணி நேரம் ஆஸ்பத்திரியில் இருந்தால் மொத்தத் தொகையையும் கொடுக்கும், இரண்டரை லட்சம் வரை. இரண்டுக்கும் எடுத்த நாளிலிருந்து 15 நாள் காத்திருப்பு, அதற்குள் நோய் வந்தால் பணம் கிடையாது. மூன்றரை, ஆறரை, ஒன்பதரை மாதம் என்று காலவரை. பிரீமியம் குறைவு என்று எல்லோரும் எடுத்தார்கள்.

சண்டை அதிகம் வந்தது ரக்ஷக்கில்தான். "லேசான அறிகுறிதானே, வீட்டிலேயே இருந்திருக்கலாமே, எதற்கு அட்மிட் ஆனீர்கள்?" என்று மறுப்புக் கடிதம் வரும். அட்மிட் செய்தது டாக்டர், பதில் சொல்ல வேண்டியது நோயாளி.

பழைய சாதாரண பாலிசி வைத்திருந்தவர்களுக்கு வேறு அடி. ஒரு பில் நினைவிருக்கிறது. பி.பி.இ. கிட், கையுறை, மாஸ்க், சானிடைசர் என்று தினமும் ஒரு வரி, நோயாளி இருந்த ஒவ்வொரு நாளுக்கும். பில்லின் பக்கங்களைப் புரட்டினால் மருந்தைவிட அந்த வரிகள்தான் கண்ணில் படும். அதையெல்லாம் 'பாலிசியில் வராத பொருள்' என்று சிவப்பு மையில் அடித்துக் கழித்திருந்தார்கள். கவச் பாலிசியில் அந்தப் பொருள்களுக்கும் பணம் உண்டு, பழைய பாலிசிகள் பலவற்றில் இல்லை. அந்தப் பில்லுக்குரியவரின் மகன் என்னிடம் சண்டை போடவில்லை, எந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு போனார்.

ரூம் வாடகையில் இன்னொரு வெட்டு. பாலிசியில் அனுமதித்த வாடகைக்கு மேல் ரூம் எடுத்தால், ரூமுக்கு மட்டும் கழிக்க மாட்டார்கள். டாக்டர் ஃபீஸ் உட்படப் பல இனங்களில் அதே விகிதத்தில் கழிப்பார்கள். அந்த மே மாதத்தில் எந்த ரூம் கிடைக்கிறதோ அதுதான் ரூம். தேர்ந்தெடுக்க யாருக்கு வழி இருந்தது?

குமார் அண்ணே, மாமாவின் கேஸை இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஓம்புட்ஸ்மேனிடம் கொண்டுபோனீர்களா?

வலங்கைமான் குமார்

இல்லை. அப்படி ஒன்று இருக்கிறது என்றே அன்று யாரும் சொல்லவில்லை.

கும்பகோணம் மீனா

அதைத்தான் எல்லோருக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன். கம்பெனி மறுத்தால் முதலில் அவர்களுடைய குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். அங்கே மறுத்தாலோ, ஒரு மாதம் பதில் இல்லாவிட்டாலோ இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன். சென்னை அலுவலகம்தான் நம் மாவட்டங்களுக்கு, காரைக்காலுக்கும் அதுதான். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். ஆனால் மறுத்த தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். இப்போது 50 லட்ச ரூபாய் வரையான வழக்குகளைப் பார்க்கிறார்கள். மறுப்புக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். அந்தக் காகிதம்தான் ஆதாரம், பத்திரமாக வையுங்கள்.

தோழர் கீழ்வேளூர்

எல்லோரும் பாலிசியைப் பற்றியே பேசுகிறீர்கள். 2021 மே மாதத்தில் கையில் பத்து லட்சத்துக்குப் பாலிசி வைத்திருந்தவனுக்கும் ஆக்ஸிஜன் படுக்கை கிடைக்கவில்லை. பல இடங்களில் கேஷ்லெஸ் (பில்லைக் கம்பெனியே நேராக ஆஸ்பத்திரிக்குக் கட்டுவது) கிடையாது, முன்பணம் கட்டினால்தான் உள்ளே என்றார்கள். எங்கள் ஊர்க்காரர்களைக் காப்பாற்றியது தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் திருவாரூர் மருத்துவக் கல்லூரியும்தான். அங்கே யாரும் பாலிசி நம்பர் கேட்கவில்லை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தையும் சொல்ல வேண்டும். குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம். அந்த மே மாதத்தில்தான் கார்டு உள்ளவர்களுக்குத் தனியார் மருத்துவமனைகளில் கொரோனா சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் என்று அறிவித்தார்கள். அடுத்த வருஷம் வருமான வரம்பை 72 ஆயிரத்திலிருந்து 1 லட்சத்து 20 ஆயிரம் ஆக்கினார்கள். விவசாயக் கூலிகள், சிறு விவசாயிகள் நிறையப் பேர் தகுதி இருந்தும் கார்டு எடுக்காமல் இருக்கிறார்கள். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் மையத்துக்குக் குடும்பத்தோடு போனால் பதிந்து தருவார்கள். செந்தில் தம்பியும் முதலில் இதற்குத் தகுதி இருக்கிறதா என்று பார்க்கட்டும்.

திருவாரூர் செந்தில்

அப்பா பென்ஷன்காரர், வருமான வரம்பைத் தாண்டிவிடும் தோழர். ஆனால் எங்கள் வயலில் வேலை பார்க்கும் குடும்பத்துக்கு இந்தக் கார்டு இருக்கிறதா என்று நாளைக்கே கேட்கிறேன்.

பாபநாசம் பாஸ்கரன்

வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். மருத்துவச் செலவைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. இறந்தவர்கள் வீட்டுக்கு வர வேண்டிய பணத்தைப் பற்றிச் சொல்கிறேன், அதில்தான் எனக்கு வருத்தம் அதிகம்.

பிரதம மந்திரி ஜீவன் ஜோதி என்று ஒரு ஆயுள் காப்பீடு. சேமிப்புக் கணக்கிலிருந்து வருஷத்துக்கு ஒரு முறை தானாகவே பிடித்துக்கொள்வார்கள். அன்றைக்கு 330 ரூபாய், 2022 ஜூனிலிருந்து 436. எந்தக் காரணத்தால் இறந்தாலும் நாமினிக்கு 2 லட்சம், கொரோனாவும் அதில் அடக்கம். 18 முதல் 50 வயதுக்குள் சேரலாம். இதன் கூடவே சுரக்ஷா என்று இன்னொன்று, அன்றைக்கு 12 ரூபாய், இப்போது 20. அது விபத்துக்கு மட்டும். கொரோனா விபத்தாகாது.

ஜனங்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டார்கள். "விபத்துக்குத்தான் கொடுப்பாங்களாம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஜீவன் ஜோதி பணத்தையும் கேட்காமல் விட்ட வீடுகள் உண்டு. இரண்டாம் அலைக்குப் பிறகு எங்கள் தெருவில் ஒரு பெண், கணவர் இறந்து சில மாதம் கழித்து, விதவை உதவித்தொகை விஷயமாகப் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வந்தார். மங்கிப்போன அச்சு. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். மே மாதக் கடைசியில் ஒரு வரி, 330.00. அது எதற்கான பணம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. கணக்கு ஆரம்பித்த அன்று கேம்ப்பில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள், அவ்வளவுதான். கிளை மேலாளரைப் பார்த்துப் படிவம் கொடுத்தோம். கொஞ்சம் இழுத்தடித்தாலும் 2 லட்சம் வந்து சேர்ந்தது. அந்த ஒரு வரி கண்ணில் படாமல் போயிருந்தால் யாரும் கூப்பிட்டுக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

தயவுசெய்து உங்கள் வீட்டுப் பெரியவர்கள், கணவர், மனைவி எல்லோருடைய பாஸ்புக்கிலும் மே, ஜூன் பக்கங்களைப் பாருங்கள். பி.எஃப். பிடித்தம் உள்ள வேலையில் இருந்து இறந்திருந்தால் இ.டி.எல்.ஐ. என்று தனியாக ஒரு காப்பீடு உண்டு, 7 லட்சம் வரை. தொழிலாளி தன் சம்பளத்திலிருந்து எதுவும் கட்டாததால் அப்படி ஒன்று இருப்பதே வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை.

உச்ச நீதிமன்றம் சொல்லி 2021 கடைசியில் கொடுத்த 50 ஆயிரம் ரூபாய் நிவாரணம் வேறு, இவை வேறு. அதை வாங்கினால் இது கிடைக்காது என்று ஒரு வதந்தி அப்போது சுற்றியது. அப்படியெல்லாம் எதுவும் இல்லை.

கூத்தாநல்லூர் ரஹீம்

பாஸ்கரன் சார் சொன்ன 'விபத்துக்கு மட்டும்' என்ற விஷயம் எங்கள் பக்கம் பலமாக அடித்தது. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் எங்கும் வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருப்பார்கள். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் குடியேற்ற அனுமதி வாங்கும்போது பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்று 10 லட்ச ரூபாய் காப்பீடு எடுத்தாக வேண்டும். அது விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். 2020-இல் அங்கேயே கொரோனாவில் இறந்தவர்களின் குடும்பம் "10 லட்சம் பாலிசி இருக்கே" என்று காகிதத்தை எடுத்துக்கொண்டு அலைந்தது. ஒன்றும் வரவில்லை. மையித்தையும் (உடலையும்) அங்கேயே அடக்கிவிட்டார்கள். வெளிநாடு போகிறவர்களுக்கு நான் சொல்வது, அந்தப் பாலிசியை நம்பி இருக்காதீர்கள், ஊரிலேயே ஒரு டேர்ம் பாலிசி எடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.

கும்பகோணம் பாத்திரக்கடை

மருத்துவம், ஆயுள் இரண்டும் சரி. கடைக்கு என்ன? வருஷா வருஷம் ஃபயர் பாலிசி கட்டுகிறோம், அதில் லாப இழப்புப் பிரிவும் சேர்த்திருந்தேன். 2020-இல் பங்குனியிலிருந்து முகூர்த்தமே இல்லை, சீர்வரிசைப் பாத்திரம் ஒன்றுகூட விற்கவில்லை. திருபுவனத்தில் தறி நின்றது, மண்டபங்களைப் பூட்டினார்கள். கிளெய்ம் கேட்டதற்கு "கடைக்குச் சேதம் இல்லையே" என்றார்கள்.

மன்னை முகவர்

அந்தப் பாலிசியின் அமைப்பே அப்படித்தான் அண்ணாச்சி. தீயோ வெள்ளமோ பொருளைச் சேதப்படுத்தி, அதனால் வியாபாரம் நின்றால்தான் லாப இழப்பு கிடைக்கும். கடை அப்படியே இருக்க, ஊரடங்கால் ஷட்டரை இறக்கியதற்கு அதில் இடமில்லை. இங்கிலாந்தில் இதே பிரச்சினை உச்ச நீதிமன்றம் வரை போய், 2021 ஜனவரியில் சிறு வியாபாரிகளுக்குப் பெரும்பாலும் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அங்கே சில பாலிசிகளில் தொற்றுநோய் என்று தனியாக வாசகம் இருந்தது. நம் ஊர்ப் பாலிசிகளில் அந்த வாசகம் இல்லை. விம்பிள்டன் டென்னிஸ் நடத்துகிறவர்கள் வருஷக்கணக்காகத் தொற்றுநோய்க்கும் சேர்த்து பிரீமியம் கட்டி வந்ததால், 2020-இல் போட்டியை ரத்து செய்தபோது பணம் கிடைத்தது. கேட்டு எழுதி வாங்கியவர்களுக்குத்தான் கிடைத்தது.

நீடாமங்கலம் விவசாயி

எல்லாவற்றையும் படித்துக்கொண்டு வந்தேன். இன்சூரன்ஸ் எங்கே உடைகிறது என்பது நமக்குப் புதிதில்லை என்று தோன்றுகிறது.

2021 ஜனவரி மழை ஞாபகம் இருக்கிறதா? பொங்கல் நேரம், சம்பா அறுப்புக்கு நின்றது. விடாமல் பெய்த மழையில் கதிர் சாய்ந்து, தண்ணீருக்குள்ளேயே நெல் முளைவிட்டது. கதிரைக் கையில் எடுத்தால் மணிக்கு மணி வெள்ளையாக முளை. என் வயல் மட்டுமில்லை, டெல்டா முழுக்க அப்படித்தான் கிடந்தது. ஒருவன் வயலில் மோட்டார் கொட்டகை எரிந்தால் மற்ற பத்துப் பேர் கட்டிய பணத்தில் கொடுக்கலாம். பத்துப் பேர் வயலும் ஒரே நாளில் மூழ்கினால் யார் பணத்தை எடுத்து யாருக்குக் கொடுப்பது? அதனால்தான் பயிர்க் காப்பீட்டில் சம்பாவுக்கு நாம் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம், மீதி பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. அரசு பின்னால் நிற்காவிட்டால் எந்தக் கம்பெனியும் டெல்டாவில் சம்பாவை இன்சூர் செய்யாது.

அரசு பின்வாங்கினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2020-இல் மத்திய அரசு தன் பங்குக்கு உச்சவரம்பு போட்டது, பாசனப் பகுதிக்கு 25 சதவீத பிரீமியம் விகிதம் வரைதான் என்று. சுமை மாநிலத்தின் மேல் விழுந்தது. 2021-இல் மேட்டூர் ஜூன் 12-லேயே திறந்து, குறுவை நன்றாக நடந்தும் குறுவைக்குக் காப்பீடு இல்லாமல் போயிற்று.

கொரோனாவும் இந்த ஜாதிதான். எல்லா வீட்டுக்கும் ஒரே சமயத்தில் வந்தது. அதை ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகக் கட்டும் பாலிசியை வைத்தே சமாளிக்க வேண்டும் என்றால், அடுத்த முறையும் கம்பெனி நஷ்டம் காட்டும், பிரீமியம் ஏறும், வயசானவர்கள் விட்டுவிட்டுப் போவார்கள். பயிருக்கு உள்ளதைப் போல இதற்கும் அரசு சேர்ந்த ஒரு நிதி வேண்டும். இதைத்தான் நம் எம்.பி.க்களிடம் கேட்க வேண்டும்.

மன்னை முகவர்

சரியாகப் பிடித்தீர்கள். உங்கள் யோசனை மேலேயும் பேசப்பட்டதுதான். 2020-லேயே ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஒரு குழு போட்டு, தொற்றுநோய்க்கென்று பொதுத் தொகுப்பு நிதி ஒன்று அமைக்கலாம், ஆரம்பத்தில் அரசு பின்னால் நிற்க வேண்டும் என்று பரிந்துரை வந்தது. சிறு தொழில்களுக்கு ஊரடங்கில் ஏற்படும் நஷ்டம், தொழிலாளர் சம்பளம் எல்லாம் அதில் பேசினார்கள். அத்தோடு நிற்கிறது. முன்மாதிரி இல்லாமலும் இல்லை. அமெரிக்காவில் 2001 தாக்குதலுக்குப் பிறகு பயங்கரவாத ரிஸ்க்கை எடுக்க மறுகாப்பீட்டாளர்கள் மறுத்தபோது, 2002-இல் நம் நாட்டுக் கம்பெனிகள் சேர்ந்து ஒரு தொகுப்பு ஆரம்பித்தன. பொதுத்துறை மறுகாப்பீட்டு நிறுவனமான ஜி.ஐ.சி. ரீ அதை நடத்துகிறது. அதற்கு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இதற்கு இத்தனை வருஷம் தாமதிப்பது தவறு. என் தொழிலில் இருப்பவன் என்ற முறையிலேயே சொல்கிறேன்.

வலங்கைமான் குமார்

நீடாமங்கலம் அண்ணன் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அரசு பணம் போட்டால் மட்டும் போதாது. பயிர்க் காப்பீட்டில் எந்தக் கிராமத்துக்கு ஏன் கிடைத்தது, பக்கத்துக் கிராமத்துக்கு ஏன் கிடைக்கவில்லை என்று இன்றும் யாரும் விளங்கச் சொல்வதில்லை. கொரோனா கிளெய்மிலும் அதே கதைதான். மறுக்கும்போது யார் மறுத்தார், எந்த விதிப்படி என்று தமிழில் எழுதித் தர வேண்டும். அந்தக் கடிதத்தை அத்தையால் படிக்கவே முடியவில்லை.

கும்பகோணம் மீனா

இதை நூறு முறை வழிமொழிகிறேன். மாற்றமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2024-இல் வந்த விதிப்படி கேஷ்லெஸ் கேட்டால் ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரம். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பு நான்கு வருஷத்திலிருந்து மூன்றாகக் குறைந்தது. தொடர்ந்து ஐந்து வருஷம் கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, 'அன்று நோயை மறைத்தீர்கள்' என்று சொல்லி மறுக்க முடியாது. முன்பு அது எட்டு வருஷம்.

செந்தில், உங்கள் பாலிசி 2019-இல் எடுத்தது. அந்த ஐந்து வருஷத்தை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். இப்போது விட்டுவிட்டு நாளைக்கு வேறு எடுத்தால் 68 வயதில் எல்லாம் முதலிலிருந்து. அதற்காகத்தான் முகவர் ஐயா முதல் வரியிலேயே விடாதீர்கள் என்றார்.

திருவாரூர் செந்தில்

எல்லோருக்கும் மிக்க நன்றி. கணக்குப் பார்த்தேன். ஜி.எஸ்.டி. போடவில்லை. இந்த ஒரு வருஷ ஏற்றம் 10 சதவீதத்துக்கு மேலே இருக்கிறது, அதைக் கேட்டு கம்பெனிக்கு மெயில் அனுப்பிவிட்டேன். பாலிசியை விடப்போவதில்லை. கட்டுவதற்குச் சிரமம் குறைய வழி இருந்தால் சொல்லுங்கள். இன்னொன்று, பாஸ்கரன் சார் சொன்ன பிறகு பீரோவைத் திறந்து பார்த்தேன். அப்பாவின் பழைய எல்.ஐ.சி. பாலிசியில் நாமினி பாட்டி பெயரில் இருக்கிறது. பாட்டி காலமாகி வெகுகாலம் ஆயிற்று.

மன்னை முகவர்

சுமை குறைய, இருக்கும் பாலிசியை 3 லட்சத்துக்கு இறக்கிக்கொண்டு அதைத் தாண்டும் செலவுக்கு மட்டும் பணம் தரும் சூப்பர் டாப்-அப் ஒன்றை மேலே எடுக்கலாம். ஆனால் டாப்-அப்புக்குக் காத்திருப்புக் காலம் புதிதாக ஆரம்பிக்கும். ஆகவே அந்தக் காலம் முடியும்வரை இரண்டையும் வைத்துக்கொண்டு, அதன் பிறகு பழையதை இறக்குங்கள். வேறு கம்பெனிக்கு மாற்ற நினைத்தால் புதுப்பிக்கும் தேதிக்கு ஒன்றரை மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். கடைசி வாரத்தில் போனால் எடுக்க மாட்டார்கள்.

நாமினியை மாற்ற, அப்பாவே கையெழுத்துப் போட்ட நாமினி மாற்றப் படிவமும் பாலிசி பத்திரமும் போதும். பாலிசி எந்தக் கிளையில் இருக்கிறதோ அங்கே கொடுங்கள். அம்மா பெயரைப் போடும்போது ஆதாரில் இருக்கும் எழுத்துப்படியே எழுதச் சொல்லுங்கள்.

பாபநாசம் பாஸ்கரன்

வங்கிக் கணக்கிலும் நாமினியைப் பார்த்துவிடுங்கள் தம்பி. பென்ஷன் வரும் கணக்குதானே, ஒரே நடையில் இரண்டையும் முடித்துவிடலாம்.